ஒரு குதிகாலும் நாலு பேர் கணக்கும்

கல்லுப்பாலத் தேயிலைத் தோட்டத்துக்குப் பதிவேட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெயர் இருக்கிறது. அதைத் துரையும் தபால்காரரும் வைத்துக்கொள்ளட்டும். நோட்டன் பிரிட்ஜில் பஸ்ஸை விட்டு இறங்கி, கல்லுப்பாலத் தோட்டம் எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள்.

அந்தத் தோட்டத்துப் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பறித்த கொழுந்தை நிறுப்பதற்கு வரிசையில் நிற்கும்போது, யாருடைய பை வற்றிப்போய்த் தெரிகிறதோ அவள் பைக்குள் பக்கத்தில் நிற்பவள் ஒரு கை அள்ளிப் போட்டுவிடுவாள். அதற்குக் கை போடுவது என்று பெயர். நாள் கணக்கு இருபது கிலோ. குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம். அதனால் எல்லோரும் எல்லோருக்கும் என்றைக்காவது கை போட்டிருப்பார்கள். வாங்குகிறவள் பையைப் பார்க்கக் கூடாது. எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு மழையைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும். நன்றி என்று வாயைத் திறந்தால் போட்டவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

சர்மிளா இரண்டு வருடமாக எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை வரும்போல இருக்கு என்று அவள் சொல்லாத நாள் கிடையாது. வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் அதையே சொன்னாள்.

காரணம் அவளுடைய வலது குதிகால். குதிகாலுக்கு மேலே, கயிறு போல நிற்கும் இடம். காலையில் படுக்கையை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது உயிர் போய்த் திரும்பி வரும். பத்து அடி நடந்தால் கொஞ்சம் இளகும். ஏழாம் நம்பர் மலையில் ஏற ஆரம்பித்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். நாற்பத்தோரு வயதில் காலையில் பேர் கொடுக்கும் இடமான பெரட்டுக்குக் கம்பை ஊன்றிக்கொண்டு போய் நிற்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

செய்யாத வைத்தியம் இல்லை. எண்ணெய் போட்டு உருவினார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஓய்வெடுக்கச் சொன்னார்கள், எடுத்தாள். படுத்திருந்தவரை வலி படுத்திருந்தது. அவள் எழுந்ததும் அதுவும் எழுந்துகொண்டது. கினிகத்தேனையில் ஒருவர் ஊசி போட்டார். இரண்டு மாதம் சொர்க்கம். மூன்றாவது மாதம் முன்னைவிட மோசம்.

இவ்வளவுக்கும் அவள் வேலையில் தாக்குப்பிடித்தது பக்கத்து லயத்து வரிசை வீட்டு ராக்காயியால். ராக்காயிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆள் குட்டை, வாய் நீளம். சர்மிளாவின் பையையும் தன் பையையும் ஒன்றாகத் தலையில் போட்டுக்கொண்டு, நிறுக்கும் இடம்வரை ஏறிப்போய்விடுவாள். ஏற்றமில்லாத நெரை, அதாவது தேயிலைச் செடி வரிசை, எதுவோ அதைச் சர்மிளாவுக்கு விட்டுவிட்டு, கூடப் பறிக்கும் சுதர்ஷினியும் கிருஷாந்தியும் மேட்டு நெரைகளை எடுத்துக்கொள்வார்கள். சர்மிளாவின் புருஷன் ஜெயகாந்தன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தான். மாதம் ஒரு தடவை வரும்போது, "மூணு பேரு புண்ணியத்துலதான் நம்ம வீட்டுல ஒல கொதிக்குது" என்பான். அதைக் கேட்கச் சர்மிளாவுக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், வெட்கமாகவும் இருக்கும்.

புண்ணியத்துக்கும் ஒரு தவணை வந்தது. ஜூன் மாதம், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு அவளைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கொடுத்தார். வருகிற பிப்ரவரி முடிவதற்குள் தன் பையைத் தானே சுமந்து ஏற முடியாவிட்டால், கொழுந்துப் பதிவிலிருந்து அவள் பெயர் வெட்டப்படும். அவர் கெட்ட மனிதர் இல்லை. கடிதத்தைக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்தார். இருந்தாலும் வெட்டினால் வெட்டினதுதான்.

அந்த ஜூலையில்தான் ஹட்டனில் ஒரு மருத்துவ நிலையத்துக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், நாள்பட்ட குதிகால் வலியை ஆராய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சர்மிளா பஸ் ஏறினாள். ராக்காயி துணைக்கு வந்தாள். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஆளா அவள்?

அங்கே இருந்தவள் கேஷிகா. ஹட்டன் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் சண்முகராஜாவின் மகள். சர்மிளாவின் கல்யாணச் சேலை அந்தக் கடையில் எடுத்ததுதான் என்று தெரிந்ததும், கேஷிகா டாக்டர் பட்டத்துக்குப் படிப்பவள் என்கிற பயம் இருவருக்கும் பாதி போய்விட்டது.

கேஷிகா வழுவழுப்பான ஒன்றைக் குதிகாலில் தடவி, ஒரு கருவியை வைத்து, திரையைத் திருப்பிக் காட்டினாள். பிறகு கணினியில் இரண்டு படங்களைத் திறந்தாள். நுண்நோக்கியில் எடுத்த படங்கள்.

"இது வலியில்லாத ஒருத்தரோட குதிகால்க்கா. நாம நரம்புன்னு சொல்றோம். நரம்பு இல்ல, தசைநாண். கெண்டைக்கால் சதையக் குதிகால் எலும்போட கட்டியிருக்கிற கயிறு. நூலெல்லாம் எப்படி நேரா, நெருக்கமா போகுது பாருங்க. இந்தப் பக்கம் இருக்கிறது, ஒங்க மாதிரி ரொம்ப நாள் வலிச்ச ஒருத்தரோடது."

முதல் படம் நல்ல பராமரிப்பில் இருக்கும் நெரைகள் மாதிரி இருந்தது. இரண்டாவது படத்தைச் சர்மிளா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கைவிட்ட மலை மாதிரில்ல இருக்கு மிஸ். காடு ஏறிப்போயி."

"அதேதான்க்கா!" கேஷிகா மேசையைத் தட்டினாள். "நூலுக்கு நடுவுல சின்னச் சின்னக் கலங்கள் இருக்கு. உயிரோட இருக்கிற வேலக்காரங்க அவங்கதான். கயிறு நைஞ்சா நூல் நூக்கிறது அவங்க வேல. ரெண்டு வகை நூல் நூப்பாங்க. ரெண்டுக்கும் பேரு கொலாஜன். ஒண்ணு பலமானது. இன்னொண்ணு மெல்லிசு, அவசரத்துக்கு நூக்கிறது. காயம் பட்டா மொதல்ல மெல்லிசு வரும், பெறகு பலமானதுக்கு மாறணும். ஒங்க கால்ல மாறல. ரெண்டு வருஷமா அவசர வேலையே பாத்துக்கிட்டு இருக்காங்க. போதாததுக்கு, இருக்கக் கூடாத எடத்துல மெல்லிய ரத்தக்குழாயும் நெஜமான நரம்பும் மொளச்சிருக்கு. வலிக்கு அதுவும் ஒரு காரணம்."

"அதுகளுக்கு மாறச் சொல்லி யாரு சொல்றது?" என்று ராக்காயி கேட்டாள். கேள்வி கேட்பதற்கு அவள் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

"இழுவைதான் சொல்லணும். மெதுவா, நல்ல பாரத்தோட இழுக்கணும். அப்பதான் கலத்துக்கு உணர்வு வரும், இங்க பலமான நூல் வேணும்னு. ஒடனே உள்ளுக்குள்ள ஒரு துண்டுச் சீட்டு எழுதும், இன்ன நூல நூக்கணும்னு. அரிசி அளவுக்குத் தசைநாணக் கிள்ளி எடுத்து, அந்தத் துண்டத்தான் நாங்க வாசிக்கிறோம்."

தோட்டத்தில் பிறந்தவளுக்குத் துண்டு விளங்காதா? லீவுக்கும் துண்டு, மருந்துக்கும் துண்டு, வாழ்க்கையே துண்டில்தான் ஓடுகிறது. சர்மிளா தலையாட்டினாள். தமிழில் எழுதியிருந்த சம்மதப் பத்திரத்தைக் கேஷிகா வரிவரியாக வாசித்துக் காட்டியபின் கையெழுத்துப் போட்டாள். மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு ஊசியால் எடுத்தார்கள். எடுத்ததைப் புகை கக்கும் ஒரு பாத்திரத்துக்குள் போட்டார்கள். சோறு பொங்குகிற புகை என்று ராக்காயி நினைத்தாள். அது குளிர்ப் புகை என்று கேஷிகா சொன்னபோது நம்பவில்லை.

பயிற்சி சுலபமானது. படியின் விளிம்பில் முன்பாதத்தால் நிற்க வேண்டும். இடது கால் உதவியோடு எம்பி, பிறகு வலது காலில் மட்டும் பாரத்தைப் போட்டு, குதிகாலைப் படிக்குக் கீழே மெதுவாக இறக்க வேண்டும். காலையில் நாற்பத்தைந்து, மாலையில் நாற்பத்தைந்து. முதுகில் பை. வாரத்துக்கு வாரம் பாரம் கூட வேண்டும். வலிக்கும், தாங்குகிற அளவுக்கு வலித்தால் பரவாயில்லை. பன்னிரண்டு வாரம். செய்த எண்ணிக்கையை எழுத ஓர் அட்டை.

சர்மிளா அந்த அட்டையை லயத்து வாசற்கதவில் ஓர் ஆணியால் குத்தி வைத்தாள். இந்தக் கதையில் நடந்த கோளாறெல்லாம் அந்த ஆணியில் ஆரம்பித்தது.

முதல் வாரம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். இரண்டாம் வாரம் கால் வீங்கினது போலத் தோன்றியது. ஒரு மாலை பத்தோடு நின்று, இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ராக்காயி வந்து அட்டையைப் பார்த்தாள்.

"கொறையுதா? எத்தன?"

"முப்பத்தஞ்சுக்கா."

"தள்ளு அங்கிட்டு."

ராக்காயி பையை முதுகில் மாட்டினாள். படியில் ஏறி நின்றாள். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணி முப்பத்தைந்தும் செய்து முடித்தாள். சர்மிளா கட்டத்தில் நாற்பத்தைந்து என்று எழுதினாள்.

அதில் ஏதாவது தப்பு இருக்கிறது என்று அந்த லயத்தில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. இருபது கிலோ குறைந்தால் நிரப்புகிறோம், நாற்பத்தைந்து குறைந்தால் நிரப்ப மாட்டோமா? மறுநாள் சுதர்ஷினி வந்தாள். அடுத்த நாள் கிருஷாந்தி. ஐந்தாம் வாரத்தில் முறை வைத்துக்கொண்டார்கள். சர்மிளா பத்துச் செய்வாள், நல்ல நாளில் பதினைந்து. மிச்சத்தை மற்ற மூவரும் பிரித்துக்கொள்வார்கள். அவர்கள் செய்யும்போது சர்மிளா பழக்கதோஷத்தில் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு மழையைப் பற்றிச் சொல்வாள். ஒரு கட்டத்தில்கூடப் பொய்க் கணக்கு இல்லை. எழுதிய எண்ணிக்கை அத்தனையும் யாரோ ஒருத்தியின் குதிகால் இறங்கி ஏறிய எண்ணிக்கை.

அக்டோபரில் இரண்டாவது தடவை தசைநாணைக் கிள்ளி எடுக்கச் சர்மிளா ஹட்டனுக்குப் போனாள். அட்டையைப் பார்த்த கேஷிகாவுக்கு வாயெல்லாம் பல். "இப்படி ஒரு அட்டைய நான் பாத்ததே இல்லக்கா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வலி எப்படி என்று கேட்டதற்குச் சர்மிளா, கொஞ்சம் இருக்கு என்றாள். கொஞ்சம் என்று அவள் சொன்னது முழுசையும்தான். இவ்வளவு அன்பாகக் கேட்கிற பெண்ணிடம் குறையவே இல்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

நவம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேஷிகா தானே தோட்டத்துக்கு வந்து நின்றாள். சேற்றில் செருப்பு ஒன்று அறுந்திருந்தது. ராக்காயி அவளை இஸ்தோப்பில் உட்காரவைத்து, காலைக் கழுவத் தண்ணீர் கொடுத்து, இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணியைக் கையில் கொடுத்தாள். சுதர்ஷினியும் கிருஷாந்தியும் வந்து சுவரோரம் நின்றார்கள்.

"ஒன்பது பேரு இதுல இருக்காங்கக்கா" என்றாள் கேஷிகா. "எட்டுப் பேருக்குத் துண்டு மாறியிருக்கு. கூடக் கொறைய, ஆனா பலமான நூலுக்கு மாற ஆரம்பிச்சிருக்கு. ஒங்களுக்கு மட்டும் அப்படியே இருக்கு. மத்தவங்க அட்டையில பாதிக் கட்டம் காலி. ஒங்களது மட்டுந்தான் முழுசா நெறஞ்ச அட்டை. எனக்கு விளங்கவே இல்ல. மிஷின் பிழையோன்னு மூணு தடவ ஓட்டிப் பாத்தேன். நாங்க நெனச்சதே தப்போன்னு ரெண்டு வாரமா நித்திரை இல்ல."

ராக்காயிக்குப் பெருமை தாங்கவில்லை. "நெறையாம? கொறைய விட்டுருவமா நாங்க?"

"நாங்கன்னா?"

"நாங்கதான் மிஸ். இவளுக்கு வலிக்கும்ல. பத்துச் செய்வா. மிச்சத்த நான், இந்தா நிக்கிறாளுகளே இவளுக, எல்லாம் பிரிச்சுக்குவோம். மாரியம்மா சத்தியமா ஒண்ணுகூடக் கள்ளக் கணக்கு இல்ல. பாரம் போட்டுத்தான் செஞ்சோம்."

கேஷிகா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பெண்கள் பயந்துபோய் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். கையை எடுத்தபோதுதான் அவள் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அடக்க முடியாத சிரிப்பு. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். கிருஷாந்திக்கும் தொற்றிக்கொண்டது. ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே மூன்று பெண்களும் சிரித்தார்கள்.

சர்மிளா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. இழுவை போய்ச் சேர வேண்டிய இடம் தன் காலுக்குள் இருக்கிற கலம். அது பன்னிரண்டு வாரமாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது, ஒரு வேளைக்குப் பத்தே பத்து இழுவையோடு. மிச்ச இழுவையெல்லாம் வேறு மூன்று பேர் கால்களுக்குப் போயிருக்கிறது. பிப்ரவரிக்கு இன்னும் மூன்றரை மாதம்தான் இருந்தது.

"அப்ப நாங்கதான் ஒன் கால கெடுத்தமா?" என்று ராக்காயி மெல்லக் கேட்டாள். அந்த நீளமான வாயிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்து யாரும் கேட்டதில்லை.

சர்மிளா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காப்புக் காய்த்த கை. தன் பையை இரண்டு வருடமாகச் சுமந்த கை. "நீ இல்லாட்டி எனக்கு ரெண்டு வருஷம் முந்தியே பேர வெட்டியிருப்பாங்கக்கா. நான் கெடுத்துக்கிட்டேன், நீ கெடுக்கல."

"யாரும் கெடுக்கல" என்றாள் கேஷிகா, சிரிப்பு நின்று. "எட்டுப் பேரு இழுத்தாங்க, மாறிச்சு. ஒருத்தங்க இழுக்கல, மாறல. எனக்கு ரெண்டு வாரத்து நித்திரையத் திருப்பிக் குடுத்துட்டீங்க. பையில கொறஞ்சா கை போடலாம். கலத்துக்குக் கை போட முடியாதுக்கா, அவ்வளவுதான். இன்னும் பன்னெண்டு வாரம் இருக்கு. நீங்களே செய்யிறீங்களா?"

"செய்யிறேன் மிஸ்."

பிறகு ராக்காயி தன் இடது குதிகாலைத் தடவிக்கொண்டு சொன்னாள். "நானும் பாத்தேன். எனக்கும் இந்தக் கால்ல விட்டுவிட்டு வலி இருந்துச்சு. ரெண்டு காலயும் மாத்தி மாத்தித்தான் எறக்குவேன். இப்ப ரெண்டு மாசமாக் காணோம்."

கேஷிகா நிமிர்ந்து பார்த்த பார்வையைப் பற்றிச் சுதர்ஷினி பிறகு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் பன்னிரண்டு வாரம் முதலாவதைப் போல இல்லை. அதே படி, அதே பை, ஆனால் ஏறுவது ஒருத்தி மட்டும். ராக்காயி எதிரில் மாவுச் சாக்கின் மேல் உட்கார்ந்து எண்ணுவாள். உதவி செய்யாமல் உட்கார்ந்திருப்பது அவளுக்கு வந்த வேலை இல்லை. சர்மிளாவின் முகம் சுருங்கும்போதெல்லாம் அவள் பாதி எழுந்து, மறுபடி உட்காருவாள். கடைசியில் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாம் வாரம் ஒரு மாலை, நல்ல மழை. சர்மிளா இருபத்தொன்றில் நின்றுவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கண்ணீர் வடிந்தது. ராக்காயி எழுந்தாள். படிவரைக்கும் வந்தாள். சர்மிளா தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. ராக்காயி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சாக்குக்குத் திரும்பிப்போய் உட்கார்ந்து, "இருவத்தொண்ணுதான ஆச்சு, ராத்திரிச் சோத்துக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றாள். கால் மணி நேரம் கழித்து இருபத்திரண்டு வந்தது. நாற்பத்தைந்தும் வந்தது. அன்றைக்குச் சர்மிளா அட்டையில் நாற்பத்தைந்து என்று அழுத்தி எழுதினாள். வேறு எந்த எண்ணையும் அவள் அவ்வளவு ஆசைப்பட்டு எழுதியதில்லை.

மலையிலும் அவள் சொல்லிவிட்டாள். என் பையை இனி நானே தூக்குகிறேன், முதலில் பாதித் தூரம், பிறகு முக்கால். சொல்லும்போது, இவர்கள் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம் இருந்தது. கிருஷாந்தி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஆற்றிலிருந்து உருண்டையான ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

"மிஸ் பாரம் கூட்டச் சொன்னாங்கல்ல? இத வச்சுக்க."

அப்படி ஆரம்பித்தது கல். கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை ஆண்டியப்பன், வேலை முடிந்த பிறகு தராசில் அந்தக் கல்லைத் தொங்கவிட்டு, ஒரு கிலோ எழுநூறு என்று முழுத் தோரணையோடு சொன்னார். அடுத்த வாரம் சுதர்ஷினி ஒன்று கொண்டுவந்தாள். ராக்காயி கொண்டுவந்தது அம்மிக்கல்லின் தம்பி மாதிரி இருந்தது. பாரம் நாலு கிலோவானது, எட்டானது, பன்னிரண்டானது. ஒவ்வொரு கல்லும் பையில் விழும்போது சர்மிளா சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். தன் வாழ்நாளில் தனக்குப் பாரம் ஏற்றியதற்காக ஆட்களை இவ்வளவு நேசித்தது இதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றும். அதை வெளியே சொன்னால் ராக்காயி ஏசுவாள் என்பதால் சொல்லவில்லை.

ஜனவரி கடைசியில் ஒரு காலை, அவள் எழுந்து அடுப்படிக்குப் போய், தண்ணீர் வைத்து, பாதித் தூள் போட்ட பிறகுதான் கவனித்தாள். முதல் அடி வலிக்கவில்லை. அப்படியே அடுப்பின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொதித்து வழிந்தது.

கேஷிகாவின் துண்டு என்ன சொன்னது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சர்மிளாவின் கடைசித் துண்டை மார்ச்சில் எடுத்தார்கள், வாசித்து முடிக்க ஏப்ரல் ஆனது. பலமான நூலுக்கான எழுத்து முதல் தடவையைவிடப் பல மடங்கு கூடியிருந்தது. மெல்லிசுக்கானது இறங்கியிருந்தது. காடு ஏறிய இடம் முழுக்கச் சரியாகவில்லை, அது அப்படியே கிடக்கலாம், ஆனால் அதைச் சுற்றி நல்ல நூல் தடித்துப் பாரத்தைத் தாங்குகிறது என்று கேஷிகா தொலைபேசியில் சொன்னாள். "ஒங்கள மாதிரி ஒரே ஆள்ல இழுக்காம ஒரு தடவ, இழுத்து ஒரு தடவ பாக்கக் கெடச்சது எனக்குப் பெரிய கொடுப்பினைக்கா. திட்டம் போட்டாக்கூட அப்படி அமையாது" என்றாள்.

ஆனால் தோட்டத்துக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. அதற்குத் தேவைப்பட்டது பிப்ரவரி இருபத்தாறாம் தேதி, கண்டாக்கு முன்னால் அவள் தன் பையோடு ஏற வேண்டிய நாள்.

அதற்கு முந்தின சனிக்கிழமை ராக்காயி தனியாக ஹட்டனுக்குப் போயிருந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க, இப்போது வலியில்லாத குதிகால்களிலிருந்தும் துண்டு வேண்டும் என்று கேஷிகா சொல்லியிருந்தாள். யாரும் கேட்பதற்கு முன்னால் ராக்காயி பெயர் கொடுத்துவிட்டாள். "இவ காலுக்கு என்னால போட முடிஞ்ச கை இதுதான்" என்றாள். இடது காலில் ஊசி போட்ட இடம், இருபத்தாறாம் தேதி திங்கட்கிழமை, கொஞ்சம் கன்றிப்போயிருந்தது. இரண்டு நாள் வீட்டில் இருக்கச் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. சர்மிளாவின் நாள் அன்றைக்கு, அவள் இல்லாமலா?

கொழுந்து குறைவான மாதம். வெயிலில் இலை சுருண்டுகிடந்தது. ஏழாம் நம்பர் மலையின் அடி நெரையிலிருந்து சர்மிளா பறித்துக்கொண்டே ஏறினாள். மாலை நாலு மணிக்குக் கடைசி நிறுவைக்குப் போகச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் பையைத் தலையில் மாட்டினாள். கண்டாக்கு மேலே, வளைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கம்பு இல்லை. யாரும் முன்னால் கை நீட்டவில்லை. சுதர்ஷினியும் கிருஷாந்தியும் வேண்டுமென்றே பத்து அடி பின்னால் வந்தார்கள்.

ஒவ்வொரு அடியிலும் அவள் வலது குதிகாலை முழுக்க ஊன்றினாள். அது இழுபட்டது. இழுபடுவது தெரிந்தது. மூன்று பேர் கல் போட்டுப் பழக்கிய கயிறு, இழுத்துப் பிடித்துக்கொண்டது. பாதிக்கு மேல் ஏறியபோது அவளுக்கு மூச்சு வாங்கியது, ஆனால் அது எல்லோருக்கும் வாங்குகிற மூச்சுதான். வளைவைத் தாண்டும்போது கண்டாக்கு இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்தார். கடிதத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல், "சரி போங்க, வரிசைக்கு" என்றார்.

தராசடியில் ஆண்டியப்பன் அவள் பையைத் தொங்கவிட்டார். காலை, மதியம், மாலை என்று மூன்று நிறுவையும் சேர்த்து இருபத்திரண்டு கிலோ. சத்தமாகச் சொன்னார், இரண்டு தடவை சொன்னார். முழுப் பேர். இரண்டு வருடத்துக்குப் பிறகு, முழுக்க அவள் கையால் வந்த முழுப் பேர்.

பை திரும்பி வந்ததும் அவள் கொழுந்தைச் சாக்கில் கொட்டப் போனாள். அப்போதுதான் பின்னால் திரும்பினாள். ராக்காயி வரிசையின் கடைசியில் வந்து சேர்ந்திருந்தாள். இடது காலை அரைகுறையாக ஊன்றி நின்றாள். அவள் பை வற்றிப்போய்க் கிடந்தது. கண்ணால் பார்த்தாலே தெரிந்தது, ஒன்றரைக் கிலோ குறையும்.

ஆண்டியப்பன் பக்கம் பார்க்காமல் பேனாவுக்கு மூடி தேடினார். அவருக்கும் அந்தப் பழக்கம் தெரியும்.

சொல்வதற்குச் சர்மிளாவிடம் இரண்டு வருடத்துப் பேச்சு இருந்தது. இரண்டு கையாலும் தன் பையிலிருந்து கொழுந்தை வாரி எடுத்து, மெல்ல நடந்து போய், ராக்காயியின் பைக்குள் போட்டாள். போதாது என்று தோன்றியது. திரும்பி வந்து இன்னும் ஒரு வாரல் எடுத்துக்கொண்டு போய்ப் போட்டாள்.

ராக்காயி பையைப் பார்க்கவில்லை. அவள் முகம் எதிர்மலைப் பக்கம் திரும்பியிருந்தது. அங்கே ஒரு மேகம்கூட இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்:

"மழை வரும்போல இருக்குடி."